கார்லாவும் பாஜாவும்: நம் அருகேயுள்ள மலைப்பள்ளிகள்

தாய்லாந்தின் வடமலை நாட்டிலே, சியாங் மாய் நகருக்கு மேலே, தோய் சுதேப் என்னும் குன்றின்மீது 14-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட விகாரையைக் காணப் பல தேசத்தாரும் செல்லுகின்றனர். காடும் அருவியும் பௌத்தப் பள்ளியும் ஒருங்கே கூடிய மலைநாடு நமக்கும் ஒரு நாட்பயணத்தில் உளது. கோபர்கைரனேயிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் லோனாவ்ளாவுக்கு மழை காணச் செல்வர்; சிக்கி வாங்கித் திரும்புவர். அங்கே புனே உள்ளூர் வண்டியில் மாறி, அடுத்த நிலையமாகிய மளவலியில் இறங்குவோர் சிலரே. அந்நிலையத்துக்கு வடக்கே கார்லா, தெற்கே பாஜா.

கார்லாவின் பெருஞ்சைத்தியம் இந்தியாவிற் குடைந்த சைத்தியங்களுள் மிகப் பெரியது. நீளம் சுமார் 124 அடி, தூண்கள் 37. கூரையில் மரவிலாக்களும், தூபியின்மேல் மரக்குடையும் இன்னும் நிற்கின்றன. பார்ப்போர் இவற்றைப் புகழ்ந்துவிட்டு வெளியேறுகின்றனர். நாம் அவ்வாறு வெளியேறலாகாது. தூண்களிலும் வாயிலிலும் பிராமி எழுத்தில் ஈந்தோர் பெயர் வெட்டப்பட்டுள்ளது. முன்னே நிற்கும் சிங்கத்தூண் ஒரு மகாரட்டியின் கொடை என்பது மெய்யே. ஆயின் வாயிலைச் செய்தவன் தேனுகாகடத்துத் தச்சன்; அதே ஊர் வாசனைப்பொருள் வணிகன் ஒருவனும் ஈந்துள்ளான். தூண்கள் பலவற்றை ஈந்தோர் யவனர். வைஜயந்தி நகரத்துச் செட்டி பூதபாலன் பெயரும் உண்டு. பிக்குணியரும் கொடுத்தனர்.

"நேற்று மதம் மாறியவர்கள்தாமே நீங்கள்?" என்று நம்மைக் கேட்போர் உளர். அவர்களோடு வாதிடுவதினும் இத்தூண்களின் முன் அழைத்துச் செல்லுதல் நன்று. தச்சனும் யவனனும் தாமே விரும்பித் தம்மத்தை ஏற்று, தம் உழைப்பின் ஊதியத்தை இம்மலைக்கு ஈந்தனர். எந்தக் குலத்திற் பிறந்தாய் என்று இங்கே எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. (இக்காலத்தார் சிலரும் சுவரிற் பெயர் கீறுகின்றனர், தூண் ஒன்றும் ஈயாமலே!)

சைத்தியத்தின் முன்னே ஏக்வீரா தேவியின் கோயில் உளது. நம் கோபர்கைரனே அண்டைவீட்டாராகிய ஆக்ரி, கோலி மக்களுக்கு அவள் குலதெய்வம். சித்திரையில் அவர்கள் கூட்டமாய்ச் செல்வர். அவர்தம் பக்தியை நாம் இகழ வேண்டுவதில்லை. அமைதியாய்ப் பார்க்க விரும்புவோர் வேறு மாதத்திற் செல்லுக. கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். ஆனி, ஆடியில் படிகள் வழுக்கும்.

பாஜா கார்லாவினும் பழமையானது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டிற் குடையத் தொடங்கியது, குகைகள் 22. ஒருபுறம் தூபிகள் 14 நெருங்கி நிற்கின்றன. அவை மறைந்த தேரர்களின் நினைவாக எழுந்தவை. சிலவற்றில் அவர்தம் பெயரும் உளது. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளையும் காண்க. மழைக்காலத்தில் பிக்குகள் ஓரிடத்தில் தங்குவது வழக்கமாதலால், பெய்யும் நீரைத் தேக்கிக் கோடைக்கும் வைத்துக்கொண்டனர். மழை நாட்களில் அருகே அருவி விழும். மேலே லோகட், விசாப்பூர்க் கோட்டைகள் தெரியும். நடக்க வல்லவர் கோட்டைக்கும் ஏறலாம்.

கல்யாண் துறைமுகத்துக்கு மேட்டு நிலத்துச் சரக்கு இறங்கிய வழி போர் கணவாய். பள்ளிகள் இங்கே எழுந்தமைக்கு அதுவே காரணம். வணிகர் தங்கினர், கொடுத்தனர். அக்கணவாயில் 1863-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நாமும் அவ்வழியே ஏறுகின்றோம்.

மாலையில் நேரம் இருப்பின், அதே உள்ளூர் வண்டியிற் புனே நோக்கிச் சென்று தேஹு ரோட்டில் இறங்குக. பாபாசாகேப் அம்பேத்கர் 1954 டிசம்பர் 25-இல் புத்தர் திருவுருவத்தைத் தம் கையால் நிறுவிய விகாரை அங்கே உளது. நாகபுரியில் அவர் தீக்கை பெற்றது அதற்குப் பின்னரே, 1956 அக்டோபர் 14-இல்.