மூன்று ஜார்ஜ் டவுன்கள்

கொங்கு நாட்டுச் சூலூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் மாணவன் ஒருவன், உயர்நீதிமன்றத்திற்கு எதிரேயுள்ள பாரிமுனையில் சிறிது நின்று நோக்குவானாயின், அங்கே கூம்பிய கல்தூண் ஒன்றைக் காண்பான். வணிகர் கூச்சலுக்கும் வண்டிகளின் இரைச்சலுக்கும் இடையே அது கேட்பாரற்று நிற்கிறது. அத்தூண் தோன்றிய வரலாறு கேட்கத் தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் புனித ஜார்ஜ் கோட்டையின் வடமதிலை அடுத்துத் தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த பேரூர் ஒன்றிருந்தது. ஆங்கிலேயர் அதனைக் 'கறுப்பர் நகரம்' என்றனர். ஊரில் வாழ்ந்தோர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று அது! 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றி அவ்வூரின் ஒரு பகுதியை இடித்தனர். 1749-இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரும், பகைவர் வீடுகளின் மறைவில் நின்று கோட்டையைத் தாக்குவர் என்றஞ்சி, எஞ்சியவற்றைத் தரைமட்டமாக்கினர். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. அது பின்னர் வேறிடத்தில் எழுப்பப்பெற்றது. வெட்டவெளியாக்கப்பட்ட அந்நிலத்தின் எல்லையில், இதற்கு இப்பால் வீடு கட்டலாகாது என்று காட்ட, 1773-இல் ஆறு தூண்கள் நடப்பெற்றன. அவற்றுள் எஞ்சியது பாரிமுனைத் தூண் ஒன்றே. பழைய ஊர் இருந்த நிலத்தில் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது.

எல்லைக்கு அப்பால் எழுந்த புதிய ஊரும் கறுப்பர் நகரம் என்றே நெடுங்காலம் வழங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1906-இல் இளவரசராகச் சென்னைக்கு வந்து சென்ற ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. ஆகவே ஊர்ப்பெயரினும் தூணே மூத்தது.

இப்பெயர் தாங்கிய ஊர் கடல் கடந்தும் உண்டு. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் என்பார் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடி ஏற்றி, மூன்றாம் ஜார்ஜின் பெயரால் ஊர் அமைத்தார். 1936-இல் அவருக்குச் சிலை எடுத்தபோது, அவருடைய உருவப்படம் கிடைக்காமையால் மகனின் முகச்சாயலைக் கொண்டு வடித்தனர் என்பர். தந்தையின் பெயரும் மைந்தன் முகமுமாக அச்சிலை நிற்பது சிறிது நகைப்புக்குரியதே. ஆயினும் அவ்வூரில் தமிழர் தம் சுவடுகளும் உள. 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் சிலையினும் பழமையானவை. 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

மூன்றாவது ஊர் தென்னமெரிக்காவில், கயானா நாட்டின் தலைநகராக உள்ளது. டச்சுக்காரர் ஸ்டாப்ரோக் என்றழைத்த அவ்வூர் 1812-இல், அதே மூன்றாம் ஜார்ஜின் பெயரால், ஜார்ஜ்டவுன் ஆயிற்று. 1838-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் கப்பல்கள், கல்கத்தாவில் ஏற்றிய ஒப்பந்தக் கூலிகளை அந்நாட்டின் கரையில் இறக்கின. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் பின்னர்ச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் மக்களை ஏற்றிச் சென்றனர். விட்பிக் கப்பலின் வெண்கல வடிவம் இன்று அந்நகரில் நினைவுச் சின்னமாக விளங்குகிறது. சென்னையிலிருந்து சென்றோரின் வழிவந்தவர் தமிழ்ப் பேச்சைப் பெரிதும் இழந்துவிட்டனர். மாரியம்மன் வழிபாட்டை மட்டும் இன்றளவும் விட்டாரல்லர்.