மாலைத் தேநீரும் இரவு உறக்கமும்

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது பழமொழி. நாள் முழுவதும் வயலில் உழைத்தவருக்குப் பாயும் தலையணையும் தேவையில்லை. வரப்பில் தலை சாய்த்தாலே உறக்கம் வரும் என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. ஆனால், "உடம்பெல்லாம் அலுப்பு, படுத்தால் தூக்கம் வரவில்லை, வந்தாலும் நடுச்சாமத்தில் விழிப்பு வந்துவிடுகிறது" என்று உழவர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். கடன், கவலை, உடல்நோய் எனக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றோடு நாம் கணக்கில் எடுக்காத ஒன்றும் உண்டு. அதுதான் நாளொன்றுக்கு நாலைந்து முறை குடிக்கும் காபியும் தேநீரும். இவற்றிலுள்ள காஃபின் என்னும் பொருள் உறக்கத்தை எவ்வாறு பாதிக்கிறது, அதைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காஃபின் என்பது என்ன?

வேப்பங்கொட்டையின் கசப்பு பூச்சிகளை விரட்டுவதை நீங்கள் அறிவீர்கள். அதுபோலவே காபிச் செடியும் தேயிலைச் செடியும் பூச்சிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் கசப்புப் பொருளே காஃபின். ரூங்கே என்ற ஜெர்மன் வேதியியல் அறிஞர் 1819ஆம் ஆண்டில் இதைக் காபிக் கொட்டையிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, 150 மில்லி லிட்டர் அளவுள்ள டிக்காஷன் காபியில் 80 முதல் 120 மில்லி கிராம் காஃபின் உள்ளது. உடனடிக் காபியில் 50 முதல் 65 மில்லி கிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லி கிராமும் உள்ளன. ஒரு நாளில் உட்கொள்ளும் காஃபின் 300 மில்லி கிராமைத் தாண்டக்கூடாது என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை. சிக்கரியில் காஃபின் இல்லை. கோலா பானங்களிலும், சிலவகைத் தலைவலி மாத்திரைகளிலும் காஃபின் உண்டு என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

உறக்கத்தைத் தடுப்பது எப்படி?

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. மழைக்காலத்தில் ஏரியில் நீர் ஏறுவது போன்றது இது. அது போதிய அளவு சேர்ந்ததும் அலுப்பும் கொட்டாவியும் தோன்றி, உறக்கம் வருகிறது. உறங்கும்போது ஏரி வடிகிறது.

காஃபின் செய்வதெல்லாம் மதகை அடைப்பதுதான். அடினோசின் சென்று பொருந்தவேண்டிய இடத்தில் காஃபின் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. அதனால் அலுப்பு தெரிவதில்லை. ஆனால் ஏரியில் நீர் குறையவில்லை, ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அதாவது, தேநீர் களைப்பைப் போக்குவதில்லை; களைப்பை மறைக்கிறது. உடலுக்கு வேண்டிய ஓய்வை உறக்கம் ஒன்றுதான் தரமுடியும்.

உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது?

குடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் காஃபின் இரத்தத்தில் உச்ச அளவை அடைகிறது. பின்னர் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றுகிறது. உடல்நலமுள்ள ஒருவருக்கு இருக்கும் காஃபினில் பாதி குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. மீதியில் பாதி குறைய மேலும் 5 மணி நேரம் ஆகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தடவைக்கு 80 மில்லி கிராம் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு ஒரு காபி, 11 மணிக்கு ஒரு காபி, மாலை 4 மணிக்கு ஒரு காபி குடிக்கும் உழவர் இரவு 9 மணிக்குப் படுக்கும்போது, அவர் உடலில் சுமார் 70 மில்லி கிராம் காஃபின் மீதமிருக்கும். கிட்டத்தட்ட ஒரு முழுக் காபியைக் குடித்துவிட்டுப் படுப்பதற்கு இது சமம். மாலைக் காபியை மட்டும் விட்டுவிட்டால் இந்த மீதம் சுமார் 30 மில்லி கிராமாகக் குறைந்துவிடும்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் நடந்து 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லி கிராம் காஃபின் உட்கொண்டவர்களின் உறக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. இது பெரிய அளவுதான். எனினும், கருவி காட்டிய இந்த இழப்பை அவர்கள் கைப்பட எழுதிய உறக்கக் குறிப்புகள் அதே அளவில் காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உறக்கம் குறைவது நமக்கே தெரியாமல் போகலாம்.

"எனக்குப் பழகிவிட்டது" என்பவர்களுக்கு

"இரவு தேநீர் குடித்தாலும் எனக்குத் தூக்கம் வந்துவிடும்" என்பவர்கள் உண்டு. நாள்தோறும் குடிப்பவரின் உடல் காஃபினுக்கு ஓரளவு பழகிவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் கண் மூடிவிட்டதால் உறக்கம் நிறைந்துவிட்டது என்று கொள்ளமுடியாது. காஃபின் ஆழ்ந்த உறக்கத்தின் அளவைக் குறைக்கிறது. வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் இயல்பாகவே குறைவதால், நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு இந்த இழப்பு கூடுதலாகும்.

பழக்கத்தின் விளைவு இன்னொன்றும் உண்டு. இரவு உறக்கம் குறைந்தால் காலையில் தலை கனக்கிறது. அதைத் தீர்க்க இன்னொரு தேநீர் தேவைப்படுகிறது. அது மறுநாள் இரவின் உறக்கத்தைக் குறைக்கிறது. இவ்வாறு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். உறக்கம் இறங்கிக்கொண்டே வரும்.

எல்லோருக்கும் ஒரே அளவில் இது நிகழ்வதில்லை. கருவுற்ற பெண்களின் உடலில், குறிப்பாகக் கடைசி மாதங்களில், காஃபின் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் தங்குகிறது. பீடி, சிகரெட் புகைப்பவர்களின் உடலிலிருந்து விரைவாக வெளியேறுகிறது. ஆகவே, புகைப்பதை விட்டவர்கள் காபி, தேநீரின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்வது அவசியம்.

பண்ணை வேலையில் உறக்கக் குறைவு

வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும். உறக்கம் குறைந்தவரின் கவனம் சிதறுகிறது, கை தாமதிக்கிறது. தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் கை வைப்பவருக்கும், கதிரடிக்கும் இயந்திரத்தில் தாள் தள்ளுபவருக்கும், இரவில் டிராக்டர் ஓட்டுபவருக்கும் ஒரு நொடிக் கண்ணயர்வே போதும். பூச்சிமருந்தை அளந்து கலக்கும்போது அளவு தவறினால் பயிருக்கும் கேடு, தெளிப்பவருக்கும் கேடு.

செய்யவேண்டியவை

1. பூச்சிமருந்து தெளித்த காய்களை நஞ்சு குறையும்வரை சில நாட்கள் பறிக்காமல் பொறுத்திருக்கிறோம். அதுபோல, கடைசிக் காபி அல்லது தேநீருக்கும் படுக்கைக்கும் இடையே 8 மணி நேரமாவது விடவும். இரவு 9 மணிக்குப் படுப்பவர் பகல் 1 மணியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. மாலையில் மோர், பால், சீரகத் தண்ணீர், சுக்குமல்லிக் கஷாயம் ஆகியவற்றைக் குடிக்கலாம். கடைகளில் சுக்குக் காபி வாங்கினால், அதில் காபித்தூள் கலக்கவேண்டாம் என்று சொல்லி வாங்கவும்.

3. ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி, சோர்வு, எரிச்சல் தோன்றி, சில நாட்கள் நீடிக்கக்கூடும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு கிளாஸ் வீதம் குறைக்கவும். முதலில் மாலைக் கிளாஸைக் குறைக்கவும். நடவு, அறுவடை நாட்களில் இதைத் தொடங்காமல் வேலை குறைந்த காலத்தில் தொடங்குவது நல்லது.

4. இரவில் நீர் பாய்ச்சவோ, காட்டுப்பன்றிக் காவலுக்கோ செல்ல நேர்ந்தால், மாலையிலேயே சிறிது நேரம் உறங்கிவிட்டுச் செல்லவும். தேநீர் தேவைப்பட்டால் காவலின் தொடக்கத்தில் குடிக்கவும். விடியற்காலையில் குடித்தால் வீடு திரும்பி உறங்கவேண்டிய உறக்கமும் கெடும்.

5. படபடப்பு, உயர் இரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சுத் திணறல் உள்ளவர்களும், பல வாரங்களாக உறக்கமின்றி வருந்துபவர்களும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கலந்துகொள்ளவேண்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

புதிய உரத்தைச் சோதிக்கும்போது ஒரு பாத்தியில் இட்டு, அடுத்த பாத்தியில் இடாமல் விட்டு ஒப்பிடுகிறோம். உறக்கத்தையும் அவ்வாறே சோதிக்கலாம். ஒரு வாரம் வழக்கம்போல் குடித்து, எத்தனை கிளாஸ், எத்தனை மணிக்கு, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், காலையில் உடல் எப்படி இருந்தது என்பவற்றை வரவு செலவு நோட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பிறகு மாலைக் கிளாஸைப் படிப்படியாக நிறுத்துங்கள். தலைவலி நீங்கிய பின், அதேபோன்ற வேலையுள்ள ஒரு வாரம் மீண்டும் குறித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். செலவில்லாத சோதனை இது. உழவர்கள் இதனைச் செய்து பார்த்துப் பயன்பெறுவார்களாக.