உள்ளூரிலேயே உண்டு உதவி

கேள்வி: மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்த இளைஞர்களின் உரிமைகளுக்காகச் சிறு அமைப்பு நடத்துகிறோம். இதற்கு உள்நாட்டிலேயே நிதி தருவோர் உண்டா? – வாசகர், ஜிந்துப்பிட்டி

பதில்: உண்டு. 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் கொல்லப்பட்ட சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வத்தின் நினைவாக அமைந்த நீலன் திருச்செல்வம் ட்ரஸ்ட், சமூக நீதிக்கும் இன நல்லிணக்கத்துக்கும் உழைக்கும் அடிமட்ட அமைப்புகளுக்கு நிதி வழங்குகிறது. முதலில் தேவைப்படுவது பதிவு. ஒரே பிரதேசத்துக்குள் இயங்கும் அமைப்பைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். பிறகு அமைப்பின் பெயரில், இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு. கூட்டக் குறிப்பேடும், தேநீர்ச் செலவு வரை எழுதிய கணக்குப் புத்தகமும் அழகான விண்ணப்பத்தைவிட நம்பிக்கை தரும். பெருந்தொகை வேண்டாம், சம்பளப் பாக்கி முறைப்பாடு எழுத உதவுவது போன்ற ஒரே வேலைக்குக் கேட்பதே நல்ல தொடக்கம்.