முதல் வேலை, முதல் ரமலான்

அன்பு மகளுக்கு,



வீட்டில் இருந்தவரை நோன்பு உனக்குப் பெரிய காரியமாகத் தெரிந்திருக்காது. சஹருக்கு உன் அம்மா தட்டி எழுப்புவாள். அஸருக்குப் போகும் அத்தா திரும்பும்போது பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்கில் வாங்கி வருவார். இப்போது சோழிங்கநல்லூரில் விடுதி, ஒன்பதரைக்கு அலுவலகம், எழுப்புவதற்குப் போன் அலாரம். "வெறும் வயித்தோட எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார முடியுமா பெரியம்மா?" என்று கேட்டாய். போனில் அவசரமாகச் சொல்ல மனமில்லை. நர்ஸ் வேலையிலேயே என் ரமலான்கள் எல்லாம் கழிந்திருப்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பசியைப் பற்றிக் கவலைப்படாதே. மூன்று நான்கு நாளில் வயிறு பழகிவிடும். ரமலான் சந்திரக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. இந்தச் சில ஆண்டுகளாகப் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. சென்னையில் விடியுமுன் சுமார் ஐந்தே காலுக்குச் சாப்பாட்டை நிறுத்தினால் மாலை சுமார் ஆறே காலுக்கு நோன்பு திறந்துவிடலாம். ஏறக்குறைய 13 மணி நேரம்தான். 2018இல் மே நடுவில் தொடங்கி ஜூன் நடுவரை நோன்பு. கத்திரி வெயிலில், 14 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் இல்லாமல் கட்டட வேலை பார்த்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. உனக்கு ஏசி அறை. இப்படியே நகர்ந்து 2030இல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பரில் இன்னொரு ரமலானும் தொடங்கும். அதற்குள் நீ நன்றாகத் தேறியிருப்பாய்.

உன்னை உண்மையில் சாய்க்கப்போவது தூக்கம். கணக்குப் போட்டுப் பார். தராவீஹ் தொழுகை முடிய இரவு பத்து. அதற்குப் பிறகு விடுதித் தோழிகளோடு பேச்சு, போன், பன்னிரண்டு. சஹருக்கு நாலரைக்கு எழ வேண்டும். இப்படிப் பத்து நாள் போனால் பதினோராம் நாள் நீ எழுதும் மெயிலில் பிழை வரும். அதைப் பசியின் மேல் போடுவாய். வார்டில் மருந்து அளவு பார்க்கும்போது எழுத்து மங்கலாகத் தெரிந்தால் நாங்கள் பயப்படுவது தூக்கக் குறைவுக்குத்தான். பத்தரைக்குப் படுத்துவிடு. சுபுஹு தொழுதபின் ஒரு மணி நேரம் மறுபடி தூங்கு. மதிய இடைவேளையில் லுஹர் தொழுதுவிட்டு, இடம் கிடைத்தால் இருபது நிமிடம் கண்ணை மூடு. சாப்பாட்டு நேரம் மிச்சமாகிறது அல்லவா, அதைத் தூக்கத்துக்குக் கொடு. தராவீஹைத் தனியாக அறையில் தொழுதாலும் கூடும். மறுநாள் வேலை இருக்கிறவள் விடிய விடிய விழித்திருக்க வேண்டும் என்று மார்க்கம் கேட்கவில்லை. கடைசிப் பத்து இரவுகளுக்காக இரண்டு மூன்று நாள் லீவைச் சேர்த்து வைத்துக்கொள். அந்த இரவுகளில் விழித்திரு. மற்ற நாட்களில் தூங்கு.

அடுத்தது காபி. ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். முதல் நோன்பன்று மதியம் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். பலர் அதைப் பசி வலி என்று நினைத்து மிரண்டுபோகிறார்கள். காபி கிடைக்காத வலி அது. பிறை தெரிவதற்கு இரண்டு வாரம் முன்பே நாலை இரண்டாக்கு, பிறகு ஒன்றாக்கு. சஹரை மட்டும் எந்த நாளும் விடாதே. விடுதியில் சமைக்க வழியில்லை என்றால் முதல் நாளே இரண்டு முட்டை அவித்து வை. வாழைப்பழம், தயிர்சாதம், கொஞ்சம் வேர்க்கடலை போதும். ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம், பதினொரு மணிக்கே தாகம் எடுக்கும். தண்ணீரைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் ஊற்றிக்கொள்ளாமல் மாலையிலிருந்து பிரித்துக் குடி.

அலுவலகத்தில் உன் மேலாளரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடு. தயங்கித் தயங்கிச் சலுகை கேட்கிறவள் போலச் சொல்லாதே. "மதிய இடைவேளை எனக்குத் தேவைப்படாது, காலையில் அரை மணி முன்னால் வருகிறேன், மாலை ஐந்தரைக்குக் கிளம்பலாமா" என்று திட்டத்தோடு போ. ஐக்கிய அரபு அமீரகத்தில் ரமலானில் வேலை நேரத்தை இரண்டு மணி குறைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நோன்பு வைக்காதவர்களுக்கும் அது பொருந்தும். தெலங்கானாவில் 2025இல் முஸ்லிம் அரசு ஊழியர்கள் நாலு மணிக்கே கிளம்பலாம் என்று ஆணை போட்டார்கள். உன் கம்பெனியில் அப்படி எதுவும் இருக்காது. பேசித்தான் வாங்க வேண்டும். பேசினால் பெரும்பாலும் கிடைக்கும் என்பது என் அனுபவம். மூளைக்கு வேலை உள்ளதை எல்லாம் பகல் பன்னிரண்டுக்குள் முடி. மூன்றிலிருந்து ஐந்து வரை தேகம் தளரும். பழைய கோப்பைச் சரிபார்ப்பது, ரிப்போர்ட்டை அடுக்குவது போன்றவற்றை அந்த நேரத்துக்கு வை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நோன்பைக் காட்டி வேலையைக் குறைத்துக்கொள்ளாதே. "எனக்கு நோன்பு" என்று உன் பங்கு வேலையைப் பக்கத்து மேசைக்காரி தலையில் கட்டினால், அவள் அன்று வீட்டுக்குத் தாமதமாகப் போவாள். நோன்பு கடமையானது ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, மதீனாவில். அங்கே இருந்தவர்கள் பேரீச்சந்தோட்டத்தில் பாடுபட்டவர்கள், சந்தையில் கடை வைத்தவர்கள். தோட்டத்தையும் கடையையும் விட்டுவிட்டு அவர்கள் நோன்பு வைக்கவில்லை. கோபம், புறம், பொய் எல்லாம் நோன்பின் நன்மையைத் தின்றுவிடும் என்று உன் நன்னி சொல்வார்கள் அல்லவா, அந்தப் பட்டியலில் அரைகுறை வேலையையும் நான் சேர்ப்பேன்.

மறுபக்கமும் இருக்கிறது. நோயாளியும் பயணியும் வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி, நோன்பைக் கடமையாக்கிய வசனத்தை ஒட்டியே குர்ஆனில் வருகிறது. அந்த அனுமதியை வெட்கப்பட்டுத் தள்ளுகிறவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளி ஒருவர் நோன்பை முறிக்க மனமில்லாமல் வேர்த்து நடுங்கிய நிலையில் வந்து சேர்ந்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. அளவு 70க்குக் கீழே போனால் உடனே திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. உன் அத்தாவுக்கும் இதை மறக்காமல் சொல்.

உனக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. மாதவிலக்கு நாட்களில் நோன்பு இல்லை, பிறகு களாச் செய்தால் போதும் என்பது உனக்குத் தெரியும். தெரியாத இடம் அலுவலகம். மற்ற நாளெல்லாம் நோன்பிருந்தவள் அன்று சாப்பிடுகிறாளே என்று கேட்பார்கள் எனப் பயந்து, படிக்கட்டு ஓரத்தில் ஒளிந்து பிஸ்கட் தின்னும் பெண்களை நான் அறிவேன். பசியோடு, வயிற்று வலியோடு, நோன்பு போலவே நடிப்பவர்களும் உண்டு. நீ அப்படிச் செய்யாதே. மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. யாராவது கேட்டால் "இன்னைக்கு எனக்கு விலக்கு உண்டு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்று. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. விட்ட நாட்களை டைரியில் குறித்து வை, குளிர்காலத்தில் பகல் குறுகும்போது ஒவ்வொன்றாக வைத்துவிடலாம்.

"தண்ணிகூடவா குடிக்கக் கூடாது?" என்று முப்பது நாளும் யாராவது கேட்பார்கள். சலிக்காமல் பதில் சொல். உன் முன்னால் டிபன் பாக்ஸைத் திறக்கத் தயங்குகிறவர்களிடம், சாப்பிடுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்று நீயே முந்திச் சொல்.

நோன்பு திறக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பாங்குக்குள் விடுதிக்குப் போய்விட வேண்டும் என்று ஓஎம்ஆர் சாலையில் ஸ்கூட்டியை விரட்டாதே. மாலை நேரத்தில் இப்படி விரட்டி விழுந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். கைப்பையில் நாலு பேரீச்சம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். நேரமாகிவிட்டால் மேசையிலேயே திற, மஃரிபைத் தொழு, கால் மணி உட்கார், அப்புறம் கிளம்பு. மாலை டியூட்டியில் என் சட்டைப் பையில் இரண்டு பழம் டிஷ்யூவில் சுற்றிக் கிடக்கும். பாங்கு நேரத்தில் ஒரு நாள் விபத்து கேஸ் வந்தது. கையுறை போட்ட கையோடு நான் நிற்க, கூட இருந்த சிஸ்டர் மேரி என் வாயில் ஒரு பழத்தைப் போட்டுவிட்டு ட்ரிப் மாட்டப் போனார். உனக்குக் கால்பந்து பிடிக்கும். 2021 ஏப்ரலில் லெஸ்டர் சிட்டியும் கிரிஸ்டல் பேலஸும் ஆடியபோது, சூரியன் மறைந்த பிறகு பந்து வெளியே போன ஒரு தருணத்தில் ஆட்டத்தைச் சற்று நிறுத்தினார்கள். லெஸ்டர் வீரர் ஃபோஃபானா ஓரத்துக்கு வந்து நோன்பு திறந்துவிட்டு மறுபடி ஆடப் போனார். ஒரு நிமிடம் போதும். உன் மீட்டிங்கிலும் அந்த ஒரு நிமிடத்தைக் கேள்.

பெருநாளைக்கு ஊருக்கு வர வேண்டும். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் இரண்டு நாளைக்கும் சேர்த்து லீவு எழுதிக் கொடு, காரணத்தையும் அதிலேயே எழுது. அதற்கு ஈடாகத் தீபாவளி வாரத்தில் வேலை பார்க்கிறேன் என்று நீயே சொல். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் திண்டுக்கல்லுக்கு இந்த வாரமே போட்டு வை.

வஸ்ஸலாம்.
உன் பெரியம்மா