லேப்டாப் தானாக அணைகிறதா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

படம் பார்க்கும்போதோ, கல்லூரி ப்ராஜெக்டை டைப் செய்யும்போதோ லேப்டாப் எந்த எச்சரிக்கையும் தராமல் பட்டென்று அணைந்து விடுகிறதா? "மதர்போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பி விடாதீர்கள். வைரஸ் என்று நினைத்து விண்டோஸைப் புதிதாகப் பதியவும் வேண்டாம். அதில் உங்கள் ஃபைல்கள்தான் போகும். பெரும்பாலும் காரணம் சூடு, இல்லாவிட்டால் பேட்டரி.

எப்போது அணைகிறது என்று முதலில் கவனியுங்கள். கேம் அல்லது வீடியோ அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைகிறதா? அடிப்பகுதி கொதிக்கிறதா? உடனே ஆன் செய்தால் மீண்டும் அணைந்து, ஆற விட்டால் ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியென்றால் சூடுதான். பல இன்டெல் ப்ராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதற்கு மேலும் சூடு ஏறினால், எரிந்து போகாமல் இருக்க லேப்டாப் தன்னை அணைத்துக் கொள்ளும். ஏன் அவ்வளவு சூடு ஏறியது என்பதுதான் கேள்வி.

வத்திராயிருப்பு, ராஜபாளையம் வட்டாரத்து வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். வத்திராயிருப்புப் பக்கம் வயல்காடு என்பதால் அறுவடை நாளில் வைக்கோல் தூசி. பஞ்சு, தூசி எல்லாவற்றையும் லேப்டாப் விசிறி உள்ளே இழுக்கும். விசிறிக்கும் வெளித் துவாரத்துக்கும் நடுவே நெருக்கமான உலோகத் தகடுகள் கொண்ட ஹீட் சிங்க் இருக்கிறது. பஞ்சு அங்கே கம்பளித் துண்டு போலப் படிந்து விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்று வெளியேறும் துவாரத்தின் அருகே கையை வைத்துப் பாருங்கள். விசிறி இரைகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் அடைப்புதான்.

லேப்டாப்பை அணைத்து, அடாப்டரைக் கழற்றிய பிறகே சுத்தம் செய்யுங்கள். சிறிய பெயின்ட் பிரஷ்ஷால் துவாரங்களைத் துடைக்கலாம். ப்ளோயரால் ஊதினால் விட்டு விட்டு ஊதுங்கள். விசிறி சுழலாதபடி பல் குத்தும் குச்சியால் பிடித்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதன் பேரிங் கெடும். மெத்தை மேல் வைத்து வேலை செய்யும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அடித் துவாரம் மூடிக் கொள்ளும். மேஜை மேல் வைத்து, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்தாலே காற்று நன்றாகப் போகும். செலவும் இல்லை!

சந்தேகம் தீரவில்லையா? ஆன் செய்தவுடன் எஃப்2 கீயை (சில மாடல்களில் எஃப்10 அல்லது டெலிட்) தட்டி பயாஸுக்குள் போய், எதையும் மாற்றாமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மீதோ வைரஸ் மீதோ பழி போட முடியாது. ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் தெரிந்தால் பயப்படாதீர்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்றுதான் அதற்கு அர்த்தம். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது.

இனி பேட்டரி. கரண்ட் போனவுடன் லேப்டாப்பும் அணைகிறதா? முப்பது சதவீதம் காட்டும்போதே சட்டென்று நிற்கிறதா? பேட்டரி தேய்ந்து விட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அக்கா வாங்கியதை இப்போது தம்பி பயன்படுத்துகிறான் என்றால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடாப்டர் வயரை அசைத்தால் அணைகிறது என்றால் பின் லூஸாக இருக்கலாம்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே தூக்கிக் கொண்டு நின்றாலோ, உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது இந்த ஆபத்துக்காகத்தான்.

சர்வீஸுக்குக் கொடுப்பதானால், லேப்டாப் நன்றாக ஆறியதும் ஆன் செய்து, முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவில் காப்பி எடுத்து விடுங்கள். கடையில் "ஹீட் சிங்க்கைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றித் தாருங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள். ஃபார்மட் செய்ய வேண்டாம் என்பதையும் சொல்லி விடுங்கள்.