கடினமான கல்லெல்லாம் தீப்பாறை அல்ல

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் தூர்வாரும்போது முட்டை வடிவக் கற்கள் கிளம்பின. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. நிலவியல் அறிந்தவர்கள் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். கடலடிச் சேற்றில் கிடந்த அம்மோனைட் போன்ற ஓர் உயிரின் மிச்சத்தைச் சுற்றி, நீரில் கரைந்திருந்த தாதுக்கள் படிந்து இறுகினால் இப்படிப்பட்ட உருண்டைகள் உருவாகும். அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட கடலுயிர். முட்டை இல்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. அரியலூரும் பெரம்பலூரும் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தன என்பதற்குக் கையில் பிடிக்கும் சாட்சி அது. பக்கத்துக் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லில் சுமார் 7 கோடி ஆண்டுப் பழமையான சிப்பிகள் குவிந்து கிடக்கின்றன. சிமென்ட்டுக்காக நாம் வெட்டி அரைப்பது அந்தக் கடலின் மிச்சத்தைத்தான். வெட்டுமுன் ஒரு பகுதியையாவது பிள்ளைகள் பார்க்க விட்டுவைக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

கற்களைப் பற்றி நம்மிடையே உலவும் வேறு சில எண்ணங்களையும் பார்ப்போம்.

நம்பிக்கை: உடைக்க முடியாத கல் தீப்பாறை; உதிரும் கல் படிவுப் பாறை.

சாத்தனூர் கல்மரத்தைப் பாருங்கள். 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டர் நீள அடிமரம். நெருப்பின் வேலை அதில் துளியும் இல்லை. கடல் படிவுக்குள் புதைந்த மரத்தில் சிலிகா ஊறி ஊறிக் கல்லானது. சிலிகா இறுகிய கல்லைக் கத்தி முனையால் கீற முடியாது. மறுபக்கம், எரிமலை கக்கிய நுரைக்கல் தண்ணீரில் மிதக்கும். 1883இல் கிரகடோவா வெடித்தபோது அது திட்டுத் திட்டாக இந்தியப் பெருங்கடலில் அலைந்தது. கடினத்தைவிடக் கட்டமைப்பே நல்ல அடையாளம். பாறைக் குழம்பு குளிர்ந்து உண்டான தீப்பாறையான கிரானைட்டில் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்திருக்கும். படிவுப் பாறையான மணற்கல்லில் எங்கிருந்தோ அடித்து வரப்பட்ட மணிகளைச் சுண்ணாம்போ சிலிகாவோ இரும்புத் துருவோ ஒட்டவைத்திருக்கும்.

நம்பிக்கை: தீப்பாறை என்றால் அங்கே எரிமலை இருந்திருக்க வேண்டும்.

செஞ்சிக் குன்றுகளின் கிரானைட் பூமிக்கடியில் மிக ஆழத்தில் மெல்ல மெல்ல உறைந்தது. மெதுவாகக் குளிர்ந்ததால்தான் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. மேலிருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகே அது வெளியே வந்தது. எரிமலைக் குழம்பு தரையில் வழிந்து சட்டென உறைந்தால் என்ன ஆகும் என்பதை அஜந்தா, எல்லோராவில் காணலாம்: அங்கே குடைந்தது மணி தெரியாத கரிய பசால்ட். சென்னை பரங்கிமலை, பல்லாவரத்தின் சார்னோகைட்டோ இந்த இரண்டிலும் எளிதாக அடங்காது. அதற்கு 1893இல் பெயர் வைத்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அதைத் தீப்பாறை என்றே கருதினார். கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறையே அதில் பெரும்பங்கு என்று பின்வந்தவர்கள் கண்டார்கள்.

நம்பிக்கை: ஆழமாகப் போர் போட்டால் எந்தப் பாறையிலும் தண்ணீர் வந்துவிடும்.

இந்த நம்பிக்கையால் கடனாளியான குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை, அதாவது தீப்பாறையும் உருமாறிய பாறையும். படிகங்கள் இடைவெளியின்றிப் பின்னிய கல்லுக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. மேலே சிதைந்த பகுதியிலும், கீழே உள்ள விரிசல்களிலும் மட்டுமே அது நிற்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போரில் தண்ணீர் கொட்ட, நம் போர் புகை கக்குவது இதனால்தான். அவர் துளை ஒரு விரிசலைத் தொட்டது, நம்முடையது தொடவில்லை. பொதுவாக ஆழம் போகப் போக விரிசல்கள் குறைந்து நெருக்கமாக மூடிக்கொள்ளும். ஆகவே 800 அடியில் இல்லாததை 1,200 அடியில் தேடுவது பெரும்பாலும் பணத்தைக் குழியில் போடுவதே.

படிவுப் பாறையின் கதை வேறு. மணிகளுக்கு நடுவே இண்டு இடுக்குகள் உண்டு. மணற்கல் அடுக்கு முழுவதுமே நீரைத் தாங்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே உள்ள மணல் அடுக்குகளில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அதற்காகப் படிவு நிலமெங்கும் நல்ல நீர் என்று எண்ணிவிடக் கூடாது. களிமண் அடுக்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், எளிதில் விடாது. கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே புகும்.

போர் வண்டி ஓடும்போது மேலே வரும் தூளைப் பத்தடிக்கு ஒருமுறை எடுத்துத் தனித்தனியாகக் குவித்து வையுங்கள். கூர்மையான சில்லுகளோடு ஒரே நிறத் தூளாக நெடுந்தூரம் வந்தால் விரிசல் இல்லாத கடினப் பாறையில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கே நிறுத்துவது என்று நிலத்தடி நீர் நிபுணரிடம் கேட்கும்போது அந்தக் குவியல்களையும் காட்டுங்கள்.