வெப்பமும் ஒட்சிசனும்: தோட்டக் கருவிகளிலுள்ள பிளாத்திக்கு முதுமையடையும் வகை

தெல்லிப்பழைப் பகுதியின் தோட்டச் செய்கை கிணற்றையே நம்பியுள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணினூடாக ஊறிச் சுண்ணாம்புக்கற் பாறையிலே தங்குகின்றது. ஏனைய மாதங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகிய யாவும் அந்நீரைக் கொண்டே வளர்கின்றன. முன்னாளிற் கமக்காரர் துலா மிதித்து நீர் இறைத்தனர். 1950களின் பின் மண்ணெண்ணெய் இயந்திரங்களும், அவற்றைத் தொடர்ந்து மின்மோட்டர்களும் பரவின.

1990ஆம் ஆண்டிற் போர் காரணமாக இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009இற் போர் முடிந்த பின்னர் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட, மீண்டு வந்தோர் கிணறுகளைத் துப்புரவாக்கித் தோட்டங்களைப் புதிதாகத் தொடங்க வேண்டியவராயினர். இன்று தோட்டத்திற்கென வாங்கப்படும் கருவிகளுட் பெரும்பகுதி பிளாத்திக்கினால் ஆனது. நீர்க்குழாய், தூவற் குழாய், தெளிகருவி, நீர்த்தாங்கி, நிழல்வலை, நெற்சாக்கு என்பன கண்ணுக்குத் தெரிவன. மோட்டரின் உள்ளே செப்புக் கம்பியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய பூச்சும் ஒருவகைப் பிளாத்திக்கே. அது கண்ணுக்குத் தெரியாதது.

இரும்பு துருப்பிடிக்கும், மரம் உக்கும் என்பதை யாவரும் அறிவர். பிளாத்திக்கு அழியாதது என்ற எண்ணம் பலரிடத்து உண்டு. அவ்வெண்ணம் தவறானது. மண்ணிற் கிடந்து அது மக்கிப் போவதில்லை என்பது உண்மை. ஆயினும் வெப்பமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து அதன் வலிமையைக் கெடுக்கின்றன. வெங்காயம் கிழங்கு திரளும் வேளையில் மோட்டர் எரிந்தால், அதனைச் சுற்றி எடுத்து வரும் நாள்வரை பாத்திகள் காயும். அவ்விழப்பு மோட்டரைச் சுற்றும் கூலியோடு முடிவதன்று. எனவே இம்முதுமை எவ்வாறு நிகழ்கின்றது, அதனை எவ்வாறு தாமதிக்கச் செய்யலாம் என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

முதுமையடைதல் என்றால் என்ன?

நல்லெண்ணெயைத் திறந்த பாத்திரத்தில் அடுப்படியில் வைத்தால் அது சில கிழமைகளிற் சிக்கு நாற்றம் எடுக்கின்றது. அதே எண்ணெய் நிறைபோத்தலில், மூடியிட்டு, குளிர்ந்த இருட்டறையில் வைக்கப்படின் நெடுநாள் கெடாதிருக்கும். எண்ணெயைக் கெடுத்தது காற்றிலுள்ள ஒட்சிசன். அதனை விரைவுபடுத்தியது வெப்பம். பிளாத்திக்கிலும் நிகழ்வது பெரும்பாலும் இதே தாக்கமாகும்.

பொலித்தீன், பொலிபுரொப்பிலீன் போன்ற பொருள்களின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள் ஆகும். காபன் அணுக்கள் கோவையாக நிற்க, அவற்றின் இருபுறமும் ஐதரசன் அணுக்கள் ஒட்டியுள்ளன. வெப்பத்தினாலோ வெயிலினாலோ ஓர் ஐதரசன் அணு கழன்றால், அந்த இடம் வெறுமையாகின்றது. ஒட்சிசன் அவ்விடத்தில் உடனே பற்றிக்கொள்கின்றது. பற்றிய ஒட்சிசன் தன் நிலையை உறுதியாக்கும் பொருட்டு அயற் சங்கிலியிலிருந்து ஓர் ஐதரசனைப் பறிக்கின்றது. இப்பொழுது அயற் சங்கிலியிலும் வெறுமை உண்டாகின்றது. ஒட்சிசன் பற்றிய இடமோ வெப்பத்தில் உடைந்து மேலும் இரண்டு வெறுமைகளைத் தோற்றுவிக்கின்றது. ஓலைவேலியிற் பட்ட பொறி ஒன்று பலவாகப் பரவுவது போல இத்தாக்கம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கின்றது. முடிவிற் சங்கிலிகள் துண்டுபடுகின்றன. நெகிழ்ந்த பொருள் நொறுங்கும் பொருளாகின்றது.

ஒட்சிசன் வெளிப்புறத்திலிருந்து உட்செல்ல வேண்டியிருத்தலால், தடித்த பொருளில் மேற்பரப்பே முதலிற் கெடும். உட்பகுதி நன்றாயிருப்பினும், காய்ந்து இறுகிய மேற்றோலில் தோன்றும் நுண்ணிய வெடிப்பு உள்நோக்கி ஓடிப் பொருளைப் பிளந்துவிடக்கூடும்.

காவற் பொருளும் அதன் முடிவும்

தொழிற்சாலைகளிற் பிளாத்திக்குடன் ஒட்சியெதிரி எனப்படும் காவற் பொருள் சிறிதளவு கலக்கப்படுகின்றது. அது வெறுமை தோன்றுமிடத்துத் தன் ஐதரசனை ஈந்து தாக்கத்தை நிறுத்துகின்றது. ஒவ்வொரு முறையும் அது சிறிது சிறிதாகச் செலவாகின்றது.

இங்கே கமக்காரர் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காவற் பொருள் எஞ்சியிருக்குங் காலமெல்லாம் குழாயோ கயிறோ பார்வைக்குப் புதியது போலவே இருக்கும். அது தீர்ந்தவுடன் வலிமை விரைவாக வீழும். “நேற்று வரை நன்றாயிருந்தது, இன்று நொறுங்கிற்று” என்று பலர் கூறுவதன் காரணம் இதுவே. கேடு நேற்றுத் தொடங்கியதன்று. காவல் நேற்று முடிந்தது.

பத்துப் பாகைக் கணக்கு

வெப்பம் கூடும்போது இரசாயனத் தாக்கங்கள் எவ்வாறு விரைவுபடுகின்றன என்பதனைச் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு 1889ஆம் ஆண்டில் ஒரு சமன்பாடாக வகுத்தார். 1930இல் மொன்சிங்கர் என்னும் அமெரிக்க மின்பொறியியலாளர், மின்மாற்றிகளின் காவலிப் பொருள் ஏறத்தாழ 8 பாகை செல்சியசு வெப்பம் கூடுந்தோறும் பாதி ஆயுளை இழப்பதாகக் கண்டார். 1948இல் டேக்கின் என்பவர் இவ்விரண்டையும் இணைத்து, காவலி கெடுவது ஓர் இரசாயனத் தாக்கமே என விளக்கினார். இன்று வழக்கிலுள்ள எளிய கணக்கு, பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பதாகும். இது துல்லியமான விதியன்று, வழிகாட்டியாகக் கொள்ளத்தக்கது.

மோட்டரின் உள்ளே

மோட்டரின் தகட்டில் ஈ, பி, எப், எச் ஆகிய எழுத்துகளுள் ஒன்று காவலி வகுப்பாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இவை முறையே 120, 130, 155, 180 பாகை வரை சுருள் தாங்கும் என்பதைக் குறிக்கின்றன. அந்த வெப்பத்தில் வழக்கமாக ஏறத்தாழ 20,000 மணித்தியால ஆயுளே அடிப்படையாகக் கொள்ளப்படும்.

ஒரு கமக்காரர் ஆண்டில் 150 நாள்கள், நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் இறைக்கின்றார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 900 மணித்தியாலம் ஆகின்றது. சுருள் தன் எல்லை வெப்பத்தில் நின்றால் ஏறத்தாழ 22 ஆண்டுகள் உழைக்கும். எல்லைக்கு மேல் 10 பாகை ஏறின் 11 ஆண்டுகள். 20 பாகை ஏறின் ஐந்தரை ஆண்டுகள். 30 பாகை ஏறின் மூன்று ஆண்டுகளுக்குங் குறைவு. ஈரமும் தூசியும் சேரின் இக்காலம் இன்னும் குறுகும்.

சுருள் சூடேறுவதற்குக் காரணங்கள் பல. பொதுவாக மோட்டர்கள் 40 பாகைக்கு மேற்படாத சுற்றுக்காற்றைக் கருதியே அமைக்கப்படுகின்றன. நண்பகலில் தகரக் கூரையின் கீழ்க் காற்று இவ்வளவைத் தாண்டிவிடக்கூடும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிற்கு மிகக் குறையும்போது அதே சுமையை இழுப்பதற்கு மோட்டர் கூடிய மின்னோட்டத்தை எடுக்கும். மின்னோட்டம் பத்திலொரு பங்கு கூடினால் சுருளிற் பிறக்கும் வெப்பம் ஐந்திலொரு பங்குக்கு மேல் கூடும். விசிறி மூடியிற் சருகும் செம்மண் தூசியும் அடைந்திருத்தல், கிணற்று நீர் வற்றியபின் வெறுமனே ஓடவிடுதல், அடிக்கடி நிறுத்தித் தொடங்குதல் ஆகியனவும் சூட்டை மிகுவிக்கும்.

ஆகவே மோட்டருக்குத் தகரத்திலும் கிடுகுக் கூரை நன்று. கொட்டிலின் பக்கங்கள் காற்றோட்டத்திற்காகத் திறந்திருக்க வேண்டும். கோடையில் விடியற்காலையிலும் மாலையிலும் இறைத்தலால் நீர் ஆவியாதலும் குறையும்; மோட்டரும் குளிர்ந்திருக்கும்.

வெப்பந் தாங்கும் உயர்தரப் பிளாத்திக்குகள்

தரமான மோட்டர்களின் கம்பிப் பூச்சுக்குப் பொலியெசுத்தர்-இமைட்டு, பொலியேமைட்டு-இமைட்டு போன்ற உயர்தரப் பொருள்கள் பயன்படுகின்றன. இவற்றின் சங்கிலிகளிற் காபன் அணுக்கள் உறுதியான வளையங்களாகப் பிணைந்துள்ளன. எளிதிற் கழலும் ஐதரசன் அவற்றிற் குறைவு. ஆதலால் பொலித்தீன் உருகி ஓடும் வெப்பத்திலும் அவை நிலைத்து நிற்கின்றன.

குழாய்ப் புரியிற் சுற்றப்படும் வெண்ணிற நாடா தெப்லோன் என்னும் பொருளாகும். 1938இல் அமெரிக்காவில் பிளங்கெற்று என்பவர் தற்செயலாகக் கண்டறிந்தது இது. இதன் காபன் சங்கிலியைப் புளோரின் அணுக்கள் கவசம்போற் சூழ்ந்திருப்பதால் ஒட்சிசன் நெருங்க இயலாது. 260 பாகை வரை இது பயன்படும். தோட்டத்துக் கருவிகளுள் வெப்பத்தால் ஏறக்குறைய முதுமையே அடையாதது இந்நாடா எனலாம்.

எனினும் உயர்தரம் என்பது அழியாமை அன்று. அப்பொருள்களிலும் அதே தாக்கம், கூடிய வெப்பநிலையில், மெதுவாக நடைபெறுகின்றது. மோட்டரை மறுபடி சுற்றும்போது தகட்டிலுள்ள வகுப்பிற்குக் குறையாத கம்பியையே கேட்டு இடுவித்தல் வேண்டும். மலிவான கம்பியால் மிச்சமாகும் பணம் அடுத்த கோடையிற் போய்விடும்.

குழாய்கள்

பி.வீ.சீ. குழாயில் நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு குளோரீன் ஆகும். மிகுந்த வெப்பத்தில் இக்குளோரீன் ஐதரசனோடு சேர்ந்து அமில வாயுவாக வெளியேற, குழாய் மஞ்சளித்துப் பின் பழுப்பாகி நொறுங்கும். இதனின் வேறானது மென்மையடைதல். 23 பாகையில் 100 பங்கு அமுக்கந் தாங்கும் பி.வீ.சீ. குழாய் 60 பாகையில் ஏறத்தாழ 22 பங்கையே தாங்கும். குளிர்ந்தால் அவ்வலிமை மீளும். முதுமையால் இழந்த வலிமை மீளாது. வெயிலிற் கிடந்து சூடேறிய குழாயில் முழு அமுக்கத்தை ஒரேயடியாகச் செலுத்துதல் தகாது. அதில் தங்கியிருந்த சூடான நீரை நாற்றுகளுக்குப் பாயவிடாது வெளியேற்றிவிட வேண்டும்.

சுண்ணாம்புக்கல் தடுக்காத இடங்களில் நிலையான குழாய்களை ஏறத்தாழ இரண்டடி ஆழத்திற் புதைத்தல் சிறந்தது. மண்ணினுள் வெயிலும் இல்லை, வெப்ப ஏற்றமும் குறைவு. புதைக்க இயலாதவிடத்து வேலியோரப் பூவரசின் நிழலிற் செலுத்தலாம்.

பொலித்தீன் குழாய்களுட் கறுப்பு நிறமானவையே வெயிலுக்கு ஏற்றவை. அவற்றிற் கலந்துள்ள 2 முதல் 2½ சதவீதக் காபன் கரி ஒளியை உள்ளே புகவிடாது தடுக்கின்றது. அறுவடை முடிந்ததும் தூவற் குழாய்களையும் வலைகளையும் சுருட்டி நிழலில் வைத்தல் அவற்றின் ஆயுளைக் கூட்டும். நெற்சாக்குகளை முற்றத்து வெயிலில் விடலாகாது. இழை உக்கிய சாக்கு தூக்கும்போது கிழிந்து விதைநெல்லைச் சிந்திவிடும். எண்ணெய் இயந்திரத்தின் புகைக்குழாயில் உறிஞ்சு குழாய் படாதிருத்தல் வேண்டும்.

கந்தகமும் செம்பும்

பொலித்தீன் விரிப்பிலும் வலையிலும் உள்ள ஒளிக்காவற் பொருள்களுட் பலவற்றைக் கந்தகமும், குளோரீன் சேர்ந்த சில பீடைநாசினிகளும் செயலிழக்கச் செய்கின்றன. செம்பு, பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் ஒட்சியேறுதலைத் தூண்டி விரைவுபடுத்தும். ஆகவே திராட்சைக்குப் போடோக் கலவையும் மிளகாய்க்குக் கந்தகமும் தெளித்தபின், அவை படிந்த விரிப்புகளையும் குழாய்களையும் நல்ல நீராற் கழுவுதல் நன்று. கழுவிய நீர் கிணற்றை அடையலாகாது.

சோதித்தலும் அகற்றுதலும்

ஆண்டுதோறும் கோடை இறைப்புத் தொடங்குமுன் பழைய பொலித்தீன் குழாயின் நுனியில் ஒரு சாண் வெட்டி மடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பின்றி மடிந்தால் பயன்படுத்தலாம். வெண்கோடுகளோ நுண்வெடிப்புகளோ தோன்றின் அதன் காலம் முடிந்தது. விரலாற் தேய்க்கும்போது வெண்பொடி ஒட்டினால் மேற்பரப்புக் கெட்டது என அறிக.

முதுமையடைந்த பிளாத்திக்கைத் துகளாகுமுன் சேர்த்து அகற்றிவிட வேண்டும். துகளானபின் செம்மண்ணிலிருந்து அதனைப் பொறுக்க இயலாது. பி.வீ.சீ.யை எரித்தல் கூடாது. அதன் புகையிலுள்ள அமில வாயு கண்ணையும் நெஞ்சையும் தாக்கும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும்.
2. மோட்டருக்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். விசிறி மூடியைக் கிழமைக்கொருமுறை துப்புரவாக்குக.
3. மறுபடி சுற்றும்போது உரிய வகுப்புக் கம்பியையே இடுவிக்க.
4. குழாயைப் புதைக்க; இயலாவிடின் நிழலிலிடுக.
5. கந்தகமும் செம்பும் படிந்தவற்றைக் கழுவுக.
6. தோற்றத்தை நம்பாது மடித்துச் சோதிக்க.

நிழலுக்குப் பணம் வேண்டியதில்லை. சில கிடுகுகளும் அரைநாள் வேலையும் போதும். மோட்டரை வாங்கும் முன்னரும் குழாய் பதிக்கும் முன்னரும் அப்பகுதி விவசாயப் போதனாசிரியருடன் கலந்தாலோசித்தல் நலம் பயக்கும்.